இரண்டு பக்கமும் கடல் இருந்த பள்ளிக்கூடம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் தன் வளவை விட்டு எங்கும் போவதில்லை. உம்மாவின் வீட்டோடு ஒட்டி அவளுக்கொரு வீடு கட்டப்பட்டிருக்கும். அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே கிழவியாவாள். நிந்தவூரில் எனக்கும் அப்படி ஒரு வீடு இருந்தது. அதைப் பூட்டி, திறப்பை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, பசிபிக் கடலுக்குள் கிடந்த ஒரு தீவுக்கு நான் கணவருக்குப் பின்னால் போனேன் என்று சொன்னால், எங்கள் தெருவில் இன்றைக்கும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள்.

அவர் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். நானும் ஆசிரியைதான், பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குத் தமிழும் சரித்திரமும். வெளிநாடுகளில் தொண்டர் ஆசிரியராகப் போக விரும்புகிறவர்கள் எழுதலாம் என்று பத்திரிகையில் ஒரு அறிவித்தல் வந்ததாம். என்னிடம் சொல்லாமலே அவர் எழுதிப் போட்டிருந்தார். பதில் வந்தபோது எங்கள் முதல் பிள்ளை பிறந்து, மூன்று நாள் இருந்து, மௌத்தாகி நாலு மாதம் ஆகியிருந்தது.

அந்த நாலு மாதமும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. உடம்புக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டேன், குளித்தேன், தொழுதேன். மீதி நேரமெல்லாம் கிணற்றடியில் குந்தியிருந்தேன். யாராவது கதைத்தால் அவர்களுடைய வாய் அசைவது தெரியும். சொல் வந்து சேர்வதற்குள் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

அந்தக் கிணற்றடிக்குத்தான் அவர் கடிதத்தோடு வந்தார்.

"ரெண்டு வருஷம். வீடும் தருவாங்களாம். நீ வாறியா?"

"எங்க?"

"பசிபிக் கடலுக்குள்ள ஒரு தீவு."

"ஓம்" என்றேன். யோசிக்கவில்லை. சந்திரனுக்கு என்று அவர் சொல்லியிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாப்பாவுக்குக் கோபம். "மாப்பிள்ள, பொம்புளப் புள்ளய வளவ விட்டுக் கூட்டிப் போற வழக்கம் நம்மளுக்கிட்ட இல்ல" என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளேயிருந்து உம்மாதான் வந்து முடித்துவைத்தார்.

"போகட்டும் விடுங்க. அவ இஞ்ச குந்திக் கிணத்தப் பாத்துக்கிட்டு இரிக்கிறத எனக்குப் பாக்க ஏலாது."

ஒரு கிழமைக்கு மேல் பயணம். கொழும்புக்கு பஸ், பிறகு ஒரு விமானம், இன்னொரு விமானம், இடையில் பெயர் விளங்காத ஊர்களின் மர வாங்குகளில் காத்திருப்பு. கடைசியாக ஏறிய விமானம் எங்கள் ஊர் மினிபஸ்ஸைவிடப் பெரிதில்லை. மணிக்கணக்காகக் கீழே நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. அப்புறம் அந்த நீலத்தில் ஒரு பச்சை வளையம் தெரிந்தது, உடைந்து ஒரு பக்கம் திறந்து கிடந்தது. அதன் விளிம்பில்தான் ஆட்கள் வசிக்கிறார்கள் என்று இவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

ஆறு இல்லை. மலை இல்லை. ஒரு கல்கூட இல்லை. நடந்த இடமெல்லாம் வெள்ளை மணலும் பவளச் சிப்பியும். தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடக்க, எங்கள் வீட்டிலிருந்து பெரிய றோட்டுக்குப் போகும் நேரம்கூட ஆகாது. ஒரு பக்கம் பெருங்கடல், ஓயாமல் இரையும். மறுபக்கம் வளையத்துக்குள் அகப்பட்ட கடல். அது ஒரு சத்தமும் போடாது. அதன் பச்சை வெளிச்சம் மேலே மேகங்களின் அடியில் பட்டு, மேகமும் பச்சையாகத் தெரியும். முதல் முறை பார்த்தபோது என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

எங்கும் தென்னை. சில வருடங்களுக்கு முன் ஊரில் சூறாவளி அடித்த பிறகு எங்கள் கரையில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை விரல்விட்டு எண்ணலாம். இங்கே மரங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. பல நாட்கள் நான் அண்ணாந்து ஓலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

எங்களுக்குத் தந்த வீட்டுக்குக் கூரை ஓலை. சுவர் என்று ஒன்றில்லை. மடக்கி விடும் பாய்கள்தான். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். பகலில் தரைக்குப் பதிலாக இருந்த மரத் தட்டில் படுத்திருந்தால் படகுக்குள் கிடப்பதுபோலிருக்கும்.

வந்து இரண்டாம் நாள், தொழும் திசையான கிப்லாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பிரச்சினை வந்தது. அந்தத் தீவில் முஸ்லிம்கள் நாங்கள் இருவர் மட்டும். இவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பூகோள உருண்டையைத் தூக்கி வந்தார். என்னிடம் தையல் நூல் கேட்டார். நூலின் ஒரு முனையை மக்கா மீதும் மறுமுனையைத் தீவின் மீதும் வைத்து இழுத்துப் பிடித்தார்.

"மேற்கு இல்ல. வடமேற்குப் பக்கமாப் போகுது பாரு" என்றார்.

"வட்டத்தில வெச்சா அப்பிடித்தான் வருமா?"

"உலகம் வட்டம்தானே."

ஊரில் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் தொழுவோம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலுக்குத்தான் முகம். எங்களுக்கு நடுப்பகல் லுஹர் நேரம் வரும்போது ஊரில் விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள் என்று இவர் கணக்குப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் உச்சி வெயிலில் தொழுகைக்கு நிற்கும்போது, உம்மா கிணற்றில் வாளியை விடும் சத்தம் எனக்குக் கேட்கும்.

மூன்று மாதம் இப்படியே கழிந்தது. இவர் காலையில் பள்ளிக்கூடம் போவார். நான் படுத்திருப்பேன், எழுவேன், அமைதியான கரையில் நடப்பேன். நாள், கிழமை ஒன்றும் தெரியாது. அடுத்த வீட்டில் பள்ளிக்கூடத்துத் தச்சனின் மனைவி இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், பருத்த உடம்பு. சமைத்த மீனையும் ஈரப்பலாவையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் கதைக்காமல் சிரித்துவிட்டுப் போவாள். எனக்கு அது போதுமாக இருந்தது. ஊரில் எல்லோரும் என்னோடு கதைக்கப் பார்த்தார்கள். இங்கே யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை, ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை வந்தார். நெடிய பெண். நிதானமான ஆங்கிலம். கடைக்குட்டிகளின் வகுப்பு ஆசிரியை தாயாருக்கு நோய் என்று தன் தீவுக்குப் போய்விட்டார். அடுத்த கப்பல் எப்போது வருமென்று தெரியாது.

"உங்களுக்கு நேரம் இருக்கிறது" என்றார். "எனக்கு ஆசிரியை இல்லை."

"அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாதே."

"உங்கள் மொழி அவர்களுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் சமம்தானே?"

மறுக்க எனக்குக் காரணம் இருந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் போனேன்.

ஓலைக் கூரையின் கீழ் ஒரே பாயில் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஐந்து, ஆறு வயது. என்னையும் என் சேலையையும் பார்த்துவிட்டு முப்பது பேரும் வாயை மூடினார்கள். நான் கரும்பலகையில் ஒரு மீன் வரைந்தேன். ஒரு சிரிப்பு, இரண்டு சிரிப்பு, முழு வகுப்பும் சிரிப்பு. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து வந்து, என் மீனின் செட்டையைக் கையால் அழித்துவிட்டு, அது இருக்க வேண்டிய இடத்தில் வரைந்தாள். பிறகு அந்த மீனின் பெயரைச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். மறுபடியும் சிரிப்பு.

அவர்களுக்குத் தெரியாத ஒன்றை வரைவோமென்று எருமை மாடு வரைந்தேன். அந்தத் தீவில் மாடே கிடையாது. ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். வேறு வழியில்லாமல் நானே எருமையாகி, வெள்ளாமைச் சேற்றுக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைப்பதுபோல நடந்து, கழுத்தை நீட்டிக் கத்திக் காட்டினேன். முப்பது பேரும் எழுந்து எனக்குப் பின்னால் வரிசையாக நடந்து கத்தினார்கள். அப்போது எங்கேயோ ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள். அது நான்தான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கொஞ்ச நாளைக்கென்று ஏற்ற வகுப்பு, நான் தீவை விட்டுப் போகும்வரை என்னோடேயே இருந்தது. பழைய ஆசிரியை திரும்பி வந்து இரண்டாம் வகுப்பை எடுத்துக்கொண்டார். எண்ணையும் ஆங்கில எழுத்தையும் நான் படிப்பித்தேன். தங்கள் சொற்களைப் பிள்ளைகள் எனக்குத் தந்தார்கள். யார் எதைக் கேட்டாலும் என்னை அறியாமல் "ஓம்" என்றுதான் சொல்வேன். ஒரு தவணை முடிவதற்குள் வகுப்பு முழுக்க ஓம், ஓம் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. தலைமையாசிரியை ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

ஊர்க் கடிதம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். உம்மா சொல்ல, எனக்கு மூத்தவள் ராத்தா எழுதியது. "இந்தப் போகம் வெள்ளாமை நல்லம். உன்ட வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்தினோம். நீ நல்லாச் சாப்பிடுறியா? அங்க சோறு இரிக்கா?" ஒரு கடிதத்தை வாசித்து முடிக்கும்போது அதில் சொன்ன வெள்ளாமை வெட்டி, அடுத்தது விதைத்திருக்கும்.

இரண்டாம் வருடம்தான் கப்பல் விஷயம் நடந்தது.

தெற்கே தொலைவில் இரண்டு சின்னத் தீவுகள் இருந்தன. அங்குள்ள பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர ஒரு பரீட்சை எழுத வேண்டும். முத்திரையிட்ட வினாத்தாள் கட்டோடு என் கணவரைக் கப்பலில் அனுப்பினார்கள். முதல் தீவில் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரண்டாவது தீவுக்குப் போய், குறித்த நாளில் அங்கே பரீட்சை வைக்க வேண்டும். கப்பல் என்றால் பெரிய கப்பல் இல்லை. அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் தேங்காயும் ஏற்றும் பழைய மரக்கலம், நாலைந்து மாலுமிகள்.

"பத்து நாள்ல வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் தலைமையாசிரியை என் வகுப்புக்கு வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல் என்னை வெளியே அழைத்தார். முதல் தீவிலிருந்து கப்பல் கிளம்பிவிட்டது என்று வானொலியில் தகவல் வந்திருந்தது. இரண்டாவது தீவுக்கு அது போய்ச் சேரவில்லை. ஒன்றரை நாள் பயணம். மூன்று நாள் ஆகிவிட்டது. கப்பலின் வானொலிக்குப் பதிலும் இல்லை.

"தேடச் சொல்லியிருக்கிறோம்" என்றார். "நீங்கள் வீட்டுக்குப் போங்கள்."

நான் வகுப்புக்குள் திரும்பிப் போனேன். வீட்டில் சுவர்கூட இல்லை. அங்கே போய் எதைப் பார்த்துக்கொண்டிருப்பது? கழித்தல் கணக்கு எழுதினேன். என் கை எழுதியது.

அந்த மாலையிலிருந்து தச்சனின் மனைவி தன் பாய் பின்னும் ஓலையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். என்னைச் சுற்றி இருந்து பின்னினார்கள். ஆறுதல் சொல்லவில்லை, அழவில்லை. ஓலை உரசும் சத்தம் மட்டும்தான். எனக்கும் ஒரு கட்டு ஓலையைத் தள்ளிவிட்டார்கள். நான் பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னக் கொடுப்பார்கள்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் மீனைத் திருத்திய சிறுமி பக்கத்தில் வந்து, "உங்கள் ஆள் கடலிலா?" என்று கேட்டாள். அவர்களுடைய மொழி எனக்கு அதற்குள் அந்த அளவுக்கு விளங்கும்.

"ஓம்."

"என் வாப்பாவும் கடலில் இருந்தார். பதினொரு நாள். பிறகு வந்தார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெலிந்து வந்தார்" என்றாள்.

காணாமல் போய் ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. பெருங்கடல் பக்கம் அன்றைக்கு இரைச்சல் குறைவு. பச்சை மேகங்கள் அசையாமல் நின்றன. நான் விழித்திருக்கிறேனா இல்லையா என்பதே எனக்குத் தெளிவில்லை. தச்சனின் மனைவி பின்னிக்கொண்டே, தலை நிமிராமல், "உனக்கு எத்தனை பிள்ளை?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அந்தத் தீவில் அதுவரை யாரும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்வதுதான் வழி என்று எப்போதோ மனதில் வைத்திருந்தேன்.

"ஒன்று" என்றேன். "மகன். மூன்று நாள் இருந்தான்."

அவள் கை நின்றது. "பெயர் வைத்தீர்களா?"

வைத்திருந்தோம். இரண்டாம் நாள் வாப்பா அவன் காதில் பாங்கு சொல்லி வைத்த பெயர். அடக்கியதற்குப் பிறகு அந்தப் பெயரை நானும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை, உம்மாவும் சொல்லவில்லை. அதைச் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அதன் நடு எழுத்து உடைந்து வேறு மாதிரி வந்தது. மற்ற இரண்டு பெண்களும் சொல்லிப் பார்த்தார்கள். நான் சரிசெய்தேன், வகுப்பில் செய்வதுபோல, மூன்று முறை. நாலாம் முறை சரியாக வந்தது. அப்போதுதான் அழுதேன். மூவரும் ஓலையைக் கீழே வைத்துவிட்டு நான் அழுது முடியும்வரை இருந்தார்கள். முடிந்ததும் மறுபடி பின்னத் தொடங்கினார்கள்.

ஒன்பதாம் நாள் முற்பகல், பள்ளிக்கூட மணியை யாரோ நிறுத்தாமல் அடித்தார்கள். ஒரு வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் மரக்கலத்தைக் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்துகொண்டிருந்தது. எல்லோரும் உயிரோடு இருப்பதாக வானொலியில் தகவல். அடுத்த நாள் பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். பதினொரு பிள்ளைகளும் இறங்கிய பிறகுதான் இவர் இறங்கினார். முகம் கரிந்து, உதடு வெடித்து, சட்டை தோளில் தொங்கியது. கையில் ஒரு பிஸ்கட் தகரம்.

"மெலிஞ்சு வந்திரிக்கீங்க" என்றேன்.

"இதப் பத்திரமா வை" என்று தகரத்தைத் தந்தார். "விடைத்தாள்."

அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கிளம்பிய அன்றைக்கே எஞ்சின் நின்றுவிட்டது. வானொலியின் பற்றரியும் செத்துப்போனது. தேங்காய் இருந்தது, மீன் பிடித்தார்கள், இரண்டு முறை மழை பெய்து தண்ணீர் கிடைத்தது. மூன்றாம் நாள் பரீட்சை நாள். அன்று காலை ஒன்பது மணிக்கு இவர் பிள்ளைகளை மேல்தட்டில் தள்ளித் தள்ளி இருத்தி, எல்லோருக்கும் முன்னால் முத்திரையை உடைத்து, வினாத்தாளைக் கொடுத்தாராம். கப்டனின் கைக்கடிகாரம்தான் மணிக்கூடு. தாள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு தேங்காய். ஒரு பிள்ளைக்கு இடையில் வாந்தி வந்ததால் அதற்கு மட்டும் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்.

"பயமா இருக்கல்லியா மச்சான்?"

"பயம்தான். மூணாம் நாள் விடியக்குள்ள புள்ளைகள் ஒண்டொண்டா அழத் தொடங்கிட்டுது. எனக்கும் அழுகதான் வருது. புள்ளைகளுக்கு முன்னால ஏலுமா? என்ன செய்யிறெண்டு தெரியல்ல. அதான் பரீட்சைய வெச்சன்." வெடித்த உதட்டைத் தடவிக்கொண்டு, "ரெண்டு மணித்தியாலம் ஒருத்தரும் கடலப் பாக்கல்ல" என்றார்.

கல்விக் கந்தோர் அந்த விடைத்தாள்களை ஏற்கவில்லை. மண்டபம் இல்லை, இரண்டாவது மேற்பார்வையாளர் இல்லை, குறித்த இடத்தில் நடக்கவில்லை. இரண்டாவது தீவுப் பிள்ளைகளோடு சேர்த்துத் திரும்ப நடத்த வேண்டும் என்று பதில் வந்தது. இவர் அதிகம் கோபப்படாதவர். அன்றைக்கு மேசைக்கு முன்னால் இருந்து மூன்று பக்கம் எழுதினார். வெளியே போக இடமில்லாத, வெளியாள் வர வழியில்லாத, ஒரு புத்தகமும் இல்லாத இடத்தில் நடந்த பரீட்சையைவிட நேர்மையான பரீட்சை இந்த நாட்டில் எங்கே நடந்தது என்று கேட்டிருந்தார். கப்டன் கீழே கையெழுத்து வைத்தார். இரண்டு மாதம் பதிலில்லை. பிறகு ஒருநாள் ஒரே வரியில் வந்தது: விடைத்தாள்களைத் திருத்துவதற்கு அனுப்பவும். பதினொருவரில் ஏழு பேர் சேர்ந்தார்கள். வாந்தியெடுத்த பிள்ளையும் அதில் ஒன்று. சேராத நாலு பேரை நினைத்து இவர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாய் பின்னும் பெண்கள் அதற்குப் பிறகும் சில பின்னேரங்களில் வந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி, கதையோடு கதையாக, என் மகனின் பெயரைச் சொல்லி, இருந்திருந்தால் இப்போது என்ன வயது என்று கேட்டாள். இவர் பக்கத்தில் இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மூன்று ஆகப்போகிறது" என்று அவரே பதில் சொன்னார்.

இரண்டு வருடம் முடிந்து நாங்கள் கிளம்பிய நாளன்று, என் வகுப்பு முழுக்க விமானத் திடலுக்கு வந்திருந்தது. தச்சனின் மனைவி ஒரு பாயைச் சுருட்டிக் கட்டித் தந்தாள். அதன் ஒரு மூலையில் நான் பின்னிய கோணல் வரிசைகளை அவிழ்க்காமல் விட்டிருந்தாள். பிள்ளைகள் அழுவார்கள், நானும் அழுவேன் என்று சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். விமானம் இறங்கி, எங்களை ஏற்றி, ஓடத் திரும்பிய நேரம் பார்த்து, புதருக்குள்ளிருந்து ஒரு தாய்ப் பன்றியும் அதன் குட்டிகளும் திடலின் நடுவே வந்து நின்றன. தலைமையாசிரியை ஏதோ கத்தினார். அவ்வளவுதான், முப்பது பிள்ளைகளும் என்னை மறந்து பன்றிகளின் பின்னால் பாய்ந்தார்கள். ஒரு குட்டி கிழக்கே ஓடியது, இரண்டு மேற்கே. என் மீனைத் திருத்தியவள் ஒன்றைக் காலில் பிடித்துத் தூக்கிவிட்டாள். விமானம் மேலெழும்பியபோது நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தேன். வெள்ளைத் திடலில் சின்னச் சின்னதாக அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை.

"பாரு, பாரு, அந்தக் கடைசிக் குட்டியப் புடிக்கல்ல" என்றார் இவர், என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து.